சாணை பிடித்த வாள்

கூரே இல்லாத அரிவாள்மணையை உங்கள் கையில் கொடுத்து, "மீன் வெட்ட வேண்டாம், இதைப் பிடித்துக்கொண்டு விறைப்பாக நின்றால் போதும்" என்று யாராவது சொன்னால் உங்களுக்கு எப்படி இருக்கும்?

நாயப் சுபேதார் தவசிமுத்துவுக்கு அப்படித்தான் இருந்தது.

இருபது வருசம் பனிமலை எல்லையில் நின்ற மனிதர். பதவி உயர்வோடு ஒரு போர் நினைவிடத்துக்கு மாற்றிவிட்டார்கள். வருசாந்திர விழாவில் வாள் பிடித்து நிற்கிற மரியாதை அணித் தலைமை. வந்து ஒரு மாதம்தான்.

அங்கே அணிவகுப்புப் பழக்குகிறவர் ஹவில்தார் குணபாலன். வயதில் பன்னிரண்டு வருசம் சின்னவர், பதவியிலும் கீழே. ஆனால் பட்டாளத்தில் பழக்குகிறவர் யாராக இருந்தாலும் உஸ்தாத், அதாவது குரு; மேல்பதவியில் இருப்பவர் சாப்.

"உஸ்தாத், ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க சாப்."

"இந்த வாள் வெண்ணெயைக்கூட வெட்டாது."

"வெட்டாதுதான்."

"பசங்க துப்பாக்கியில குண்டு கிடையாது."

"கிடையாதுதான்."

"அப்புறம் எதுக்கு இந்த வேஷம்? விழா முடியட்டும், என் பட்டாலியனுக்கே திருப்பி அனுப்புங்கன்னு எழுதிக் குடுத்துடப் போறேன்."

குணபாலன் வாளை வாங்கினார். அடியிலிருந்து நுனிவரை வெறும் உள்ளங்கையால் நீவினார், கன்றுக்குட்டியை நீவுகிற மாதிரி.

"தினம் காலையில இப்படித் துடைங்க சாப். துணி வேண்டாம்."

"நான் கேட்டதுக்கு இதுவா பதில்?"

"விழாவுக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கே சாப்."

ஒத்திகையிலும் இதே கதைதான்.

"சலாம் முடிஞ்சதும் வாளைத் தாழ்த்திப் பிடிச்சு நிக்கணும். இமைகூட அசையக் கூடாது."

"எவ்வளவு நேரம்?"

"பதினேழு குடும்பம்."

"நேரத்தைக் கேட்டா குடும்பத்தைச் சொல்றீங்க?"

உஸ்தாத் சிரித்துக்கொண்டே அணியைச் சரிபார்க்கப் போனார்.

மூன்று நாள் துடைத்தார். நாலாம் நாள் பொறுமை போய்விட்டது. வாளைத் தூக்கிக்கொண்டு நேராகச் சமையல்கூடத்துக்குப் போனார். அங்கே கத்தி தீட்டுகிற சாணைக்கல் இருந்தது.

கால்மணி நேரம் தீப்பொறி பறந்தது.

ஒரே வீச்சு. முழுப் பூசணி இரண்டாகப் பிளந்து உருண்டது.

சமையல்காரர் மாசிலாமணி கை தட்டினார். "சாப், நாளைக்கு எண்பது பேருக்குச் சாம்பார். காய் பூராவும் உங்ககிட்டயே அனுப்பிடவா?"

அன்றைக்குத்தான் தவசிமுத்து ஒரு மாதத்தில் முதல்முறையாக வயிறாரச் சாப்பிட்டார். அதற்குப் பிறகு வாளைத் துணியால்தான் துடைத்தார். உஸ்தாத்திடம் சொல்லவில்லை.

விழா நாள் வந்தது.

உயிர் கொடுத்தவர்களின் வீட்டார் வந்து இறங்கினார்கள். அழுகையைத்தான் எதிர்பார்த்திருந்தார் தவசிமுத்து. இவர்களோ, சீமந்தத்துக்கு வந்தவர்கள் மாதிரி, தூக்குவாளியும் முறுக்கு டின்னுமாக வந்தார்கள்.

ஊதுகொம்பு ஒலித்தது. சலாம் முடிந்தது. தவசிமுத்து வாளைத் தாழ்த்திப் பிடித்துச் சிலையானார்.

முதல் ஆளாக வந்தவர் பேச்சியம்மாள். நினைவுத் தூணில் மகன் பெயர் எட்டாத உயரத்தில் இருந்தது. அண்ணாந்து ஒருமுறை பார்த்துவிட்டு வாளுக்கு நேரே வந்தார்.

"போன வருசம் நின்னவன் ஒட்டடைக்குச்சி மாதிரி இருந்தான். இந்தத் தம்பி மீசையப் பாருங்கடி! அய்யனார் குதிரையை எங்க கட்டிட்டு வந்தாரோ?"

பின்னால் வரிசையே சிரித்தது.

பேச்சியம்மாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார். பிறகு வருசா வருசம் செய்கிற மாதிரி வாளைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ள, இரண்டு கையையும் நீட்டினார்.



பூசணி உருண்டது தவசிமுத்துவின் கண்ணில் தெரிந்தது.

இருபது வருசத்தில் அணியில் நிற்கும்போது ஒரு ஈயை விரட்டக்கூட அசையாத ஆள். அந்த ஆளின் இடது கை விருட்டென்று எழுந்தது. வெள்ளை உறை போட்ட கை, கூர்ப்பக்கத்தை இறுக்கிப் பொத்திக்கொண்டது.

தூரத்தில் குணபாலனின் புருவம் ஏறியது.

பேச்சியம்மாளுக்கு ஒன்றும் வித்தியாசமாகப் படவில்லை. பொத்திய கையையும் வாளையும் சேர்த்தே பிடித்துக் கண்ணில் ஒற்றினார். அப்படியே மகனிடம் பேசினார்.

"ஏய் மாடசாமி, கெணத்துல தண்ணி வந்துடுச்சுடா! உன் தங்கச்சிக்கு மாப்பிள்ளை பாத்தாச்சு. நல்ல பையன். கொஞ்சம் குள்ளம்."

தவசிமுத்துவின் மீசை துடித்தது. அணியில் சிரிக்கக் கூடாது.

அடுத்து ஒரு பெண். "என்னங்க, நம்ம பொண்ணு பத்தாவது பாஸு. கணக்குல தொண்ணூத்திரெண்டு. உங்களை மாதிரி இல்ல."

அடுத்து ஒரு பெரியவர். "ஆடு மூணு குட்டி, பயலே. மூணும் பொட்டை!"

நல்ல செய்தி மட்டும்தான். வருசம் முழுக்கச் சேர்த்து வைத்த நல்ல செய்தி. ஒவ்வொருவரும் வந்து பிடித்தார்கள், ஒற்றினார்கள், சொன்னார்கள். ஒவ்வொரு பிடிக்கும் அவர் கை கூரில் அழுந்தியது. அவர் விடவில்லை.

பதினேழு குடும்பம்.

கடைசியில் பேச்சியம்மாள் திரும்பி ஓடி வந்து, அவர் இடுப்புப் பட்டையில் இரண்டு முறுக்கைச் செருகிவிட்டுப் போனார்.

அணி கலைந்தது. குணபாலன் வந்து கையுறையை மெல்லக் கழற்றினார். விரல்களின் உள்பக்கம் சிவப்பாக ஒரு கோடு. ஆழமில்லை.

வாளைப் பார்த்தார். கட்டைவிரலால் விளிம்பைத் தொட்டுப் பார்த்தார். நிலைமை விளங்கிவிட்டது.

திட்டுவார் என்று தவசிமுத்து நின்றார். குணபாலன் கைக்குட்டையை எடுத்து அந்த விரல்களைச் சுற்றிக் கட்டினார்.

"சாப், பட்டாலியனுக்கு என்னைக்குக் கிளம்பறீங்க? மனு எழுதணுமே."

தவசிமுத்து ஒரு முறுக்கை ஒடித்து உஸ்தாத் வாயில் திணித்தார்.

"அதை விடுங்க உஸ்தாத். இந்த வாளை மழுக்க, நல்ல முரட்டு அரமா ஒண்ணு தேடிக் குடுங்களேன்."