வரப்போகும் லென்ஸ்

தேனியில் ரெஜினா டீச்சரிடம் படம் பிடிக்கக் கற்றுக்கொள்பவர்களில் பாதிப் பேர் அவரைவிட வயதில் மூத்தவர்கள். வயதைப் பார்த்து டீச்சர் அவர்களை 'அண்ணே' என்பார். பாடத்தைப் பார்த்து அவர்கள் 'டீச்சர்' என்பார்கள். இதில் இரு தரப்புக்கும் சங்கடம் இருந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் எல்லோரும் வைகை அணைப் பூங்காவில் கூடுவார்கள். நல்ல வெளிச்சத்தில் படம் எடுப்பதற்காக என்று பெயர். அந்த வெளிச்சம் பெரும்பாலும் டீக்கடை பெஞ்சிலேயே கழிந்துவிடும். பேச்சு அப்படி. எந்த லென்ஸ் வரப்போகிறது, எப்போது வரப்போகிறது, வந்தால் இப்போது கையில் இருப்பதை என்ன செய்வது என்று வாய் ஓயாது. தண்ணீரில் நாரை வந்து நின்று, சலித்துப்போய்ப் பறந்தும் போயிருக்கும்.

அன்றைக்கும் காஜா மைதீன்தான் ஆரம்பித்தார். கல்யாணப் படம் எடுப்பவர்.

"அடுத்த வருசம் ஒண்ணு வருதாம்ல. இருட்டுல கூட கருவிழியைத் தேடிப் பிடிச்சுக்கிருமாம். நாம சும்மா தூக்கிப் பிடிச்சாப் போதும்."

"அதுக்கும் மேல ஒண்ணு வருது," என்றார் வங்கியில் வேலை பார்க்கும் தன்ராஜ். அவர் பறவைப் பைத்தியம். "எடை பாதிதானாம். கழுத்து வலி மிச்சம்."

"என்னத்த மிச்சம்?" என்றார் காஜா. "போன தடவை வாங்குனதையே இன்னும் முழுசாப் பழகல. அதுக்குள்ள அது பழசாயிருச்சு. இப்பக் கொண்டு போனா பேரீச்சம்பழம் கூடத் தர மாட்டான்."

"அதான் சொல்றேன். சேதி கசியும்போதே வித்துரணும். அறிவிப்பு வந்துட்டா ஒருத்தனும் சீந்த மாட்டான்."

இது அவர்களுக்குள் எழுதாத சட்டம். புதியது வரப்போகிறது என்று காற்றில் பேச்சு வந்ததுமே பழையதைத் தள்ளிவிட வேண்டும். புதியது கடைக்கு வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும். அந்த இடைவெளியில் மாதக்கணக்கில் லென்ஸே இல்லாமல் லென்ஸைப் பற்றிப் பேசிக்கொண்டு திரிந்தவர்கள் அந்தக் கூட்டத்தில் உண்டு.

"டீச்சர், நீங்க சொல்லுங்க," என்றார் தன்ராஜ். "இப்ப வாங்கலாமா, அடுத்ததுக்குக் காத்திருக்கலாமா?"

"யாரைப் படம் எடுக்கப் போறீங்கண்ணே?"

"அதை அப்புறம் பாத்துக்கலாம் டீச்சர்."

எல்லோரும் சிரித்தார்கள். சோலைராஜ் மட்டும் சிரிக்கவில்லை.

வழக்கமாக அந்தப் பெஞ்சில் எல்லோரையும்விடச் சத்தம் போடுகிறவன் அவன்தான். வீட்டின் முன்னறையிலேயே ஸ்டூடியோ வைத்திருக்கிறான். ஐம்பதை நெருங்கிவிட்டவன், முன்மண்டை வழுக்கை விழுந்ததிலிருந்து தொப்பி இல்லாமல் வெளியே வருவதில்லை. அவன் பேசாமல் இருந்தது காஜாவுக்கு உறுத்தியது.

"என்ன சோலை, உன் சாமான் வந்துருச்சுன்னு கேள்விப்பட்டேன். கண்ணுலயே காட்ட மாட்டேங்குற?"

சோலைராஜ் பையிலிருந்து அதை எடுத்துக் கொடுத்தான். கை மாறிக் கை மாறி அது பெஞ்சைச் சுற்றியது. முகத்தைப் படம் எடுப்பதற்கென்றே செய்த லென்ஸ். லென்ஸின் கழுத்தில் உள்ள வளையத்தைக் கொஞ்சம் திருப்பினால் படத்தில் தோல் மெத்தென்று ஆகிவிடும். மேடு பள்ளம், வடு, கருமை எல்லாம் அடங்கிப்போகும். அதேசமயம் கண் கூர்மையாகவே நிற்கும். இதற்காக அவன் ஒரு வருடத்துக்கு மேல் காத்திருந்தான்.

"அருமை," என்றார் காஜா. பிறகு, மனசு கேட்காமல், "ஆனா இதுலயே அடுத்தது வரப்போகுதாம்" என்றார்.

சோலைராஜ் அதை வாங்கிப் பையில் போட்டு மூடினான்.

வெயில் ஏறியதும் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். டீச்சர் பூங்காவுக்குள் ஒரு வேப்பமரத்தடி சிமெண்ட் பெஞ்சுக்குப் போய், எடுத்த படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். சோலைராஜ் வந்து பக்கத்தில் நின்றான்.

"டீச்சர், ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்கண்ணே."

"ஒரு ஆளை மறுபடி கேமரா முன்னாடி உக்கார வைக்கிறது எப்படி?"

"யாரை?"

"எங்க அக்காவை."

பேச்சியம்மாள் அக்காவை டீச்சருக்குத் தெரியும். பால்வாடியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இளவயதிலேயே கண்ணைச் சுற்றியும் வாயைச் சுற்றியும் தோல் வெளுத்துத் திட்டுத் திட்டாகப் பரவிவிட்டது. அதனால் வந்த வரன்கள் எல்லாம் வாசலோடு திரும்பிப் போயின. அக்கா தம்பியை வளர்த்தார், பிறகு தம்பி பிள்ளைகளை வளர்த்தார். எந்தப் படத்திலும் நின்றதில்லை. சோலைராஜின் கல்யாண ஆல்பத்தில் அக்காவின் கை மட்டும் ஆரத்தித் தட்டோடு ஒரு பக்கத்தில் இருக்கிறது. ஊரில் பாதிப் பேரின் முகத்தைப் படம் எடுத்தவனிடம் கூடப்பிறந்தவளின் முகம் இல்லை. யாராவது கேமராவைத் தூக்கினால் அக்காவுக்கு அடுப்பில் ஏதாவது வேலை இருக்கும்.

"உக்காந்திருக்காங்களா, எப்பவாவது?" என்று டீச்சர் கேட்டார்.

"ஒரே ஒரு தடவை."

"சொல்லுங்க."

அவன் பெஞ்சில் உட்கார்ந்தான்.

"போன வருசம் அவ ரிட்டையர் ஆன அன்னைக்கு, பால்வாடியில ஒரு பிள்ளை அவளை வரைஞ்சு கொடுத்திருக்கு டீச்சர். மூஞ்சி பூரா அரக்குக் கலர் தீட்டிட்டு, திட்டு இருக்கிற இடத்தை மட்டும் காகிதத்தோட வெள்ளையா விட்டுருக்கு. எங்களுக்குப் பதறிப்போச்சு. அவளுக்குன்னா அப்படி ஒரு சந்தோசம். 'யாருன்னு கேக்கவே வேணாம், நான்தான்னு பாத்ததும் தெரியுதுல்ல'ன்னு தெருவுல எல்லாத்துக்கிட்டயும் காட்டுறா. மறுநாள் காலையில குளிச்சு, பூ வச்சு, ஸ்டூடியோக்குள்ள வந்து ஸ்டூல்ல உக்காந்துட்டா. 'எடுடா தம்பி'ன்னா."

"நீங்க எடுக்கல."

"எடுக்கல டீச்சர்." அவன் குரல் இறங்கிவிட்டது. "அந்த நேரம் பாத்து என் நல்ல லென்ஸை வித்திருந்தேன். இது வரப்போகுதுன்னு பேச்சு வந்துச்சுல்ல, அதான். கையில இருந்தது சாதாரணமானது. கொஞ்சம் பொறுக்கா, புதுசு வரட்டும்னு சொல்லிட்டேன். சரிடான்னு எந்திரிச்சுப் போயிட்டா. அது வர ஒரு வருசம் ஆகிப்போச்சு. போன வாரம் வந்ததும் வராததுமா அவகிட்டத்தான் ஓடுனேன். 'இன்னொரு நாள் பாத்துக்கலாம்டா'ங்குறா. தினமும் கேக்குறேன். தினமும் அதேதான். மூஞ்சியில கோபம் இல்ல, ஒண்ணும் இல்ல."

அவன் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

"விக்காம இருந்திருக்கலாம் டீச்சர். ஒரு வருசம் தாமதமாயிருச்சு. அதை நினைச்சா தூக்கம் வர மாட்டேங்குது."

டீச்சர் படங்களைப் பார்ப்பதை விட்டு அவன் பக்கம் திரும்பினார்.

"பொறுக்கான்னு மட்டுமா சொன்னீங்க?"

"ஆமா."

"புதுசு வரட்டும்னா யாரும் ஏன்னு கேப்பாங்களே."

சோலைராஜ் தண்ணீர்ப் பக்கம் பார்த்தான்.

"கேட்டா. 'இருக்கிறதை வச்சு எடுடா, எனக்குப் போதும்'னா."

"அதுக்கு?"

"அதுக்கு..." அவன் தொப்பியை இழுத்து விட்டுக்கொண்டான். "இதுல எடுத்தா அந்தத் திட்டெல்லாம் அப்பட்டமாத் தெரியும்க்கா, புதுசுல தெரியவே தெரியாதுன்னேன். அவ நல்லதுக்குத்தான் டீச்சர்."

டீச்சர் எழுந்தார். கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நாலு எட்டு பின்னால் போனார்.

"அப்படியே உக்காருங்கண்ணே. உங்களை ஒரு படம் எடுக்கிறேன்."

"என்னையா? நான் எதுக்கு டீச்சர்?"

"வெளிச்சம் நல்லா விழுது. அந்தத் தொப்பியைக் கழட்டிருங்க."

அவன் தயங்கினான். டீச்சர் சொல்லைத் தட்டிப் பழக்கமில்லை. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். காற்று தலையில் பட்டது. என்ன செய்வது என்று தெரியாமல் சட்டைக் காலரைச் சரிசெய்தான், முதுகை நிமிர்த்தினான். எத்தனையோ பேரை 'லேசாச் சிரிங்க' என்று விரட்டியவனுக்கு, தன் உதட்டை எப்படி வைத்துக்கொள்வது என்று புரியவில்லை. இருந்தாலும் உள்ளுக்குள் கொஞ்சம் ஆசையாகவும் இருந்தது. கல்யாணத்துக்குப் பிறகு தன்னை யாரும் உட்கார வைத்து எடுத்ததே இல்லை என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

டீச்சர் கேமராவைக் கண்ணில் வைத்தார். முகத்தைப் பார்த்தார். பிறகு இறக்கிவிட்டார்.

"வேணாம்ணே."

"ஏன் டீச்சர்?"

"தலை ரொம்பப் பளபளன்னு அடிக்குது. அதை அடக்குற மாதிரி லென்ஸ் ஏதாவது வருதான்னு பாப்போம். அதுல எடுத்தா உங்களுக்கு நல்லது."

சோலைராஜ் சிரித்தான். டீச்சர் கேலி செய்கிறார் என்று அவனுக்குத் தெரியாதா என்ன? நன்றாகவே தெரிந்தது. ஆனாலும் சிரித்து முடிப்பதற்குள் அவன் கை தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துவிட்டது.

"சும்மா சொன்னேண்ணே," என்றார் டீச்சர். "தலை நல்லாத்தான் இருக்கு. உக்காருங்க, எடுக்கிறேன்."

"பரவால்ல டீச்சர்."

"நெசமாவே எடுக்கிறேன். தொப்பியோட வேணும்னாலும் எடுக்கிறேன்."

"இருக்கட்டும் டீச்சர். இன்னொரு நாள் பாத்துக்கலாம்."

சொல்லி முடித்த பிறகுதான் அவனுக்கு அது காதில் விழுந்தது. தன் வாயிலிருந்து வந்ததா என்று ஒரு கணம் திகைத்தான். டீச்சர் மேல் அவனுக்குக் கோபம் இல்லை, எள்ளளவும் இல்லை. உட்காரத்தான் முடியவில்லை.

டீச்சர் வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். கேமராவை அணைத்து மடியில் வைத்துக்கொண்டார். பூங்காவுக்கு வந்த ஒரு குடும்பம் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்து, தலைகளை ஒட்டவைத்துச் சிரித்துவிட்டு அவர்களைத் தாண்டிப் போனது.

"நான் தாமதம்தான் தப்புன்னு நினைச்சேன் டீச்சர்," என்றான் சோலைராஜ்.

டீச்சர் அவன் முகத்தைப் பார்த்தார்.

"அவ சங்கடப்படக்கூடாதுன்னுதானே அப்படிச் சொன்னேன். காலம் பூரா அந்தத் திட்டாலதான் ஒளிஞ்சுக்கிட்டு நின்னா. படத்துலயாவது அது இல்லாம இருக்கட்டும்னு..."

"அன்னைக்கு அந்தத் திட்டோடவே எடுக்கச் சொல்லித்தாண்ணே அக்கா வந்து உக்காந்தாங்க."

அவன் முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டான். அழுதானா என்று தெரியவில்லை. தோள் மட்டும் குலுங்கியது. டீச்சர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு, அவனை அவன் போக்கில் விட்டார்.

நெடுநேரம் கழித்து அவன் தொண்டையைச் செருமினான்.

"இன்னைக்கே வீட்டுக்குப் போயி அவ காலைப் பிடிச்சு மன்னிப்புக் கேக்குறேன். லென்ஸ் கிடக்கட்டும். ஸ்டூடியோவுல இருக்கிற பழைய சாதாரண லென்ஸை வச்சே எடுக்கிறேன்னு சொல்றேன். உக்காருவாளா டீச்சர்?"

"கேளுங்கண்ணே. மன்னிச்சிருவாங்க. அவங்க அன்னைக்கே மன்னிச்சிருப்பாங்க." டீச்சர் எழுந்து கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டார். "ஆனா மன்னிச்சவங்க எல்லாம் மறுபடி வந்து உக்கார்றதில்ல."