மாசானம் கண்ட வெளிச்சம்

இந்த வழக்கு எந்தக் கோர்ட்டுக்கும் போகவில்லை. அதனால் உங்கள் முன் வைக்கிறேன்.

பிறவியிலேயே பார்வையில்லாத மாசானத்துக்கு ஆற்றங்கரை அம்மன் கோயில்தான் உலகம். கல்தரையின் குளிர்ச்சியும் வேப்பிலை வாசமும் அவனுக்குப் போதும். சாயங்காலப் பூசையில் அவன் பாட உட்கார்ந்தால் கூட்டம் பேச்சை நிறுத்திவிடும். அம்மனிடம் அவன் ஒருநாளும் கண் கேட்டதில்லை.

கேட்டவள் அவன் தாய் ஆவுடையம்மாள். மகனுக்குப் பார்வை வரும்வரை சோறு தொடமாட்டேன் என்று நேர்ந்துகொண்டு, வெறும் கஞ்சித் தண்ணீரில் காலம் தள்ளினாள்.

"எனக்கு இது குறையாத் தெரியலம்மா. நீ சாப்பிடு."

"உனக்குத் தெரியாதுய்யா. பெத்தவளுக்குத்தான் தெரியும்."

ஒருநாள் கோயில் பிராகாரத்தில் அவள் மயங்கி விழுந்தாள். தூக்கிய மாசானத்தின் கையில் எலும்புதான் தட்டுப்பட்டது. அன்று தீபாராதனையின்போது அவன் சொன்னான்: "அம்மா, மங்கலா வெளிச்சம் தெரியுது."

ஆவுடையம்மாள் அழுதாள். அன்றே சோறு சாப்பிட்டாள்.

பூசாரி சங்கரவேலு திருநீற்றுத் தட்டை நீட்டியபோது மாசானத்தின் கை தட்டைவிட்டு விலகிக் காற்றில் துழாவியது. பூசாரி அதைக் கவனித்து, தட்டை அவன் கைக்கு நேரே நகர்த்தினார்.

செய்தி பரவியது. வெளியூர்க் கூட்டம் வந்தது. கோயிலுக்குப் புது மண்டபம் எழும்பியது.

அப்படி வந்தவர்களில் ஒருவர் கொம்பையா. அவருடைய சிறுமகள் செவ்வந்திக்குப் பார்வை மங்கிக்கொண்டு வந்தது. சொட்டு மருந்தை விடாமல் போட்டால் இருக்கிற பார்வை தங்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மருந்து விழும்போதெல்லாம் பிள்ளை எரிச்சலில் அழுவாள். அவருக்கு அது தாங்கவில்லை. மாசானத்திடமும் பூசாரியிடமும் இதையெல்லாம் சொல்லிவிட்டுக் கேட்டார்:

"தம்பி, நெசமாவே அம்மன்தான் குடுத்தாளா? மருந்து எதுவும் போடலியா?"

மாசானத்தின் பக்கத்தில் தாய் உட்கார்ந்திருந்தாள். "மருந்து இல்லய்யா. அம்மன்தான்" என்றான். பூசாரியும் அதைக் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு கொம்பையாவை வாசல்வரை கூட்டிப்போய் வழியனுப்பிவிட்டு வந்தார்.

அடுத்த ஆடிக்குக் கொம்பையா திரும்ப வந்தார். செவ்வந்தி அவர் கையை இறுகப் பிடித்தபடி, காலால் தரையைத் தடவித் தடவி நடந்தாள். மருந்தை அன்றோடு நிறுத்திவிட்டாராம். அவர் கோபப்படவில்லை.

"உனக்குக் குடுத்தவ என் புள்ளைக்கு ஏன் குடுக்கல தம்பி? நாங்க சரியாக் கும்பிடலியா?"

மாசானம் அப்போதுதான் உண்மையைச் சொன்னான், தாயின் காதில் விழும்படியே. ஆவுடையம்மாள் எழுந்து வீட்டுக்குப் போனாள்.

தாய்க்காகப் பொய் சொன்னவன் மாசானம். தெரிந்தும் வாய் திறக்காதவர் பூசாரி. கேட்டதை நம்பி மருந்தை நிறுத்தியவர் கொம்பையா. இந்த மூவரில் யார் செய்த பிழை பெரிது?

விடை: கொம்பையா கண்ணை மூடிக்கொண்டு நம்பவில்லை, நேரில் விசாரித்தபிறகே நம்பினார். மாசானம் உண்மையைச் சொல்லியிருந்தால் பக்கத்தில் இருந்த தாய் மறுபடி பட்டினி கிடந்திருப்பாள். பூசாரிக்கு அப்படி ஒரு கட்டாயமும் இல்லை. வாசலில் தனியாக நின்றபோது, "மருந்த மட்டும் விட்டுறாதீங்க" என்று சொல்லியிருந்தால் போதும். யாருடைய பொய்யும் வெளியே வந்திருக்காது, பிள்ளைக்கும் பார்வை தங்கியிருக்கும். பூசாரியின் பிழைதான் பெரிது. ஆனால் அந்த ஆடியோடு கோயிலில் பாடுவதை விட்டுவிட்ட மாசானம் இந்தத் தீர்ப்பை ஒத்துக்கொள்வதில்லை. "அந்தப் புள்ளையோட அப்பா கேட்டது என்கிட்டல்லா" என்பான்.