வால்வை மூடின வாசகக்காரி

ஏட்டி பெர்னா, கைய எடு. சொறியாத, சொறியாதன்னு எத்தன தடவ சொல்லுதேன்? இந்தா வேப்பங்கொழுந்து, இதால தடவிக்கோ. உங்கம்மா மூணு நாளா கண்ணு மூடல, இப்பதான் உள்ள படுத்திருக்கா. நீயும் செத்த நேரம் தூங்கு. கதை சொல்லுதேன், ம் கொட்டணும். வாய் மட்டும் கொட்டுனா போதாது, காதும் கேக்கணும். சரியா?

ம்.

ஒரு ஊர்ல ஒரு வாசகக்காரி இருந்தா. கடலோரத்து ஊரு. கோயில்ல காலப் பூசைக்கு பைபிள் வாசகம் படிக்கது அவதான். விறுவிறுன்னு பீடத்துக்கு ஏறி, கண்ணாடிய மாட்டி, மைக்க டொக் டொக்குனு தட்டிட்டு கணீர்னு வாசிப்பா. முடிச்சதும் 'ஆண்டவரின் அருள்வாக்கு'ம்பா. கோயிலே 'இறைவா உமக்கு நன்றி'ங்கும். என்னமோ அந்த நன்றியெல்லாம் தனக்குத்தான்ற மாதிரி மூஞ்சிய வச்சிக்கிட்டு இறங்குவா, எடுபட்டவ! அப்புறம் வீட்டுக்கு வந்து, அன்னைக்கு வாசகத்த ரோஜாப்பூ படத்தோட வாட்ஸ்அப்ல ஊருக்கே அனுப்புவா. கீழ 'இன்றைய சிந்தனை'ன்னு சொந்தச் சரக்கு வேற.

ம்.

அவளுக்கு ஒரு தங்கச்சி, பக்கத்து வீடு. நடுவுல ஒரு சுவருதான். ஊரெல்லாம் உப்புத்தண்ணி. இவுக ஐயா சாகுமுன்னால போட்ட போர் கிணத்துல மட்டும் நல்ல தண்ணி. ரெண்டு மகளுக்கும் சேத்துத்தான் போட்டாரு. ஆனா மோட்டாரும் வால்வும் அக்கா வீட்டுப் பக்கம். தங்கச்சிக்கு ஒரு மக. சாயங்காலம் பெரியம்மாக்காரி கொல்லையில நின்னு மறுநாள் வாசகத்தச் சத்தமா படிச்சுப் பாப்பா. 'அருள்வாக்கு'ன்னதும் சுவத்துக்கு அந்தப் பக்கத்துலருந்து அந்தப் புள்ள 'இறைவா உமக்கு நன்றி'ன்னு கத்தும். நாலு வயசுலருந்து அப்படித்தான்.

பெரியம்மா, அது நான்தானே?

கதைக்குக் குறுக்க பேசாத. அந்த வருசம் கிறிஸ்மஸ் பூசைக்கு, பங்குச்சாமி தங்கச்சிய வாசிக்கச் சொல்லிட்டாரு. நல்லாத்தான் வாசிச்சா. அதுதான் பொறுக்கல. மறுநாளே வாசகக்காரி கொல்லைக்குப் போயி, தங்கச்சி வீட்டு வால்வ கிறுக் கிறுக்னு திருகி மூடிட்டா. ஒரு வாசகத்துக்காக! த்தூ!

ம்.

வருசம் பொறந்தும் வால்வு தொறக்கல, மூணு ராஜா திருநாளும் முடிஞ்சுது. அந்தப் புள்ளைக்கு அம்மை போட்டுட்டு. உடம்பெல்லாம் கொப்பளம். அன்னைக்குச் சாயங்காலம் இவ படிச்சுப் பாத்தது, ஒருத்தர ஒருத்தர் நேசிங்கன்ற வாசகம். 'அருள்வாக்கு'ன்னா. சுவத்துக்கு அந்தப் பக்கம் 'இறைவா உமக்கு நன்றி'. காய்ச்சல்லயும் சொல்லிச்சு அந்தப் புள்ள. காலையில பூசை முடிச்சி வந்தா, தங்கச்சி குடத்தோட வாசல்ல நிக்கா. 'யக்கா, பிள்ளைக்கு அம்மை. ரெண்டு கொடம் தாக்கா.' இவ என்ன சொன்னா தெரியுமா? 'மோட்டாரு ரிப்பேரு.' உள்ள மோட்டாரு உர்ர்ர்ருன்னு ஓடுது! அவ வெறுங்கொடத்தோட போனா. இவ உக்காந்து, நேசிங்கன்ற அந்த வாசகத்தத் தங்கச்சி போனுக்கும் சேத்து அனுப்புனா. அடி செருப்பால!

பெரியம்மா, அந்த வாசகக்காரி நீங்கதானே?

...ஆமாட்டி. நான்தான். வேற யாரு இப்படி இருப்பா? படு, எந்திரிக்காத.

ம்.

ரெண்டாம் நாளு. சாயங்காலம் நான் படிச்சது, நாம ஒருத்தர ஒருத்தர் நேசிச்சா கடவுள் நமக்குள்ள இருப்பாருன்னு. எனக்கு அந்த 'ழ'கரம் சரியா விழுதான்றதுதான் கவல. நீ 'நன்றி' சொன்ன. குரலே எழும்பல. மறுநாள் காலையில உங்கப்பா வந்தாரு. 'மதினி, பிள்ளைக்குத் தலைக்குத் தண்ணி ஊத்தணும். உப்புத்தண்ணி பட்டா எரியும் மதினி.' நான் 'வால்வு துருப்பிடிச்சிப் போச்சி, திரும்பலயே'ன்னேன். அந்த மனுசன் என் மூஞ்சியப் பாத்தாரு. திரும்பிப் போயிட்டாரு.

அன்னைக்கு உச்சிநேரம். நீ சூடு தாங்காம தவிச்சதப் பாத்து உங்கம்மா உப்புத்தண்ணியையே ஊத்திட்டா. 'எரியுதும்மா! எரியுதும்மா!' நீ போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டுது. எனக்குக் கேக்காதா? நான் எந்திரிச்சிப் போயி சன்னல சாத்தினேன். டப்புனு. இத நினைச்சா எனக்கு என் கைய ஒடிச்சிப் போடணும்போல இருக்கு.

ம்.

அன்னைக்குச் சாயங்காலந்தான் மூணாவது வாசகம். சாமி மேல பிரியம்னு சொல்லிட்டு கூடப்பிறந்தத வெறுக்கவன் பொய்யன்னு இருக்கு. அதையும் ஏத்தி இறக்கி, நிறுத்தி, கணீர்னு படிச்சேன். 'ஆண்டவரின் அருள்வாக்கு'ன்னேன்.

சத்தத்தக் காணோம்.

இன்னும் கொஞ்சம் உரக்க 'அருள்வாக்கு'ன்னேன். சுவத்துக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்ல. 'ஏட்டி பெர்னா!' ஒண்ணுமில்ல. கையில இருக்க புஸ்தகத்தப் பாத்தேன். பொய்யன்னு போட்டிருக்கு. மோட்டாரு ரிப்பேரு, வால்வு துருன்னு ரெண்டு பொய்யச் சொன்ன வாயால அத உச்சரிப்புப் பாத்துக்கிட்டு நிக்கேன், மூதி!

புஸ்தகத்த தொவைக்கிற கல்லு மேல போட்டுட்டு ஓடுனேன். வால்வு திரும்ப மாட்டேங்குது. நெசமாவே இறுகிப் போச்சி, கேட்டியா? கல்ல எடுத்து டங் டங்னு தட்டி, கை தோலு உரிஞ்சி, திருகுனேன். கொளகொளன்னு காத்து வந்துது. அப்புறம் சளசளன்னு தண்ணி. நான் ஒரு கொடத்த இடுப்புல வச்சிக்கிட்டு உங்க வாசலுக்கு வந்தேன். உங்கம்மா நிலைப்படியில நின்னா. வழி விடல.

'வாசிச்சு முடிச்சாச்சா?'ன்னா.

நான் 'பிள்ள பேசலயேட்டி'ன்னேன். 'கத்திக் கத்தித் தொண்டை கட்டிட்டு'ன்னா. அப்புறந்தான் வழி விட்டா. வேப்பிலையப் போட்டு நான்தான் உனக்கு ஊத்துனேன், தலைலருந்து காலு வரைக்கும். நீ என்னைப் பாத்து சிரிச்ச. ஏட்டி, என்னைய ரெண்டு வைஞ்சிருக்கக் கூடாதா நீ? சிரிச்சுத் தொலைச்சியே.

ம்...

பங்குச்சாமிகிட்ட சொல்லிட்டேன். இனிமே உங்கம்மா வாசிக்கட்டும். நான் கீழ பெஞ்சில உக்காந்து காதால கேக்கேன். உங்கம்மா இன்னும் என்கூட முகங்கொடுத்துப் பேசல. பேசாம இருக்கட்டும், அவளுக்கு அந்தக் கோவம் வேணும். எனக்கே என் மேல ஆறல. நான் தெனமும் கொடத்தோட வருவேன்.

...என்னட்டி, ம் காணோம்? பெர்னா? ஏட்டி!

மூச்சு வருது. தூங்கிட்டியா. நல்லா தூங்கு, கண்ணு. கதைய முடிச்சாச்சு, வால்வு தொறந்தே கிடக்கு.