பூஜ்யமும் ஒன்றும் இடம் மாறிய மதியம்

திருச்செங்கோட்டுக்கு மேற்கே, பாறைக்காட்டின் ஓரத்தில் ஓர் இல்லம் இருந்தது. ஆஸ்பத்திரிகள் கைவிரித்துவிட்டவர்கள் அங்கே வருவார்கள். வந்தவர் யாரும் குணமாகித் திரும்பியதில்லை. அதை நடத்திவந்த நல்லம்மை அவர்களுக்குக் கொடுத்த வாக்கு ஒன்றுதான். இங்கே யாரும் தனியாகப் போகமாட்டார்கள். கடைசி மூச்சின்போது ஒரு கை அவர்கள் கையைப் பிடித்திருக்கும்.

செங்கோடன் கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்தவர். மனைவியைக் கடைசியாக இங்கேதான் கொண்டுவந்து சேர்த்தார். காரியம் முடிந்த பிறகு திரும்பிப் போக மனம் வரவில்லை. வயதில் நல்லம்மையைவிட மூத்தவர். இருந்தும் அவரை 'அம்மா' என்பார், நல்லம்மை இவரை 'அண்ணா' என்பார். யார் குரு, யார் சீடர் என்பதில் இருவருக்குமே குழப்பம் இருந்ததில்லை.

அந்த மழைக்காலத்தில் இல்லத்தில் இரண்டு பேர்தான் இருந்தார்கள். முன்னறைக் கட்டிலில் மாரப்பன். பின்னறைக் கட்டிலில் அர்த்தநாரி. இருவர் விரலிலும் நாடி பார்க்கும் கிளிப்பைச் செங்கோடன் மாட்டியிருந்தார். இரண்டு கிளிப்பின் வயர்களும் நடு அறைக் கம்ப்யூட்டரின் யுஎஸ்பி துளைகளில் போய்ச் சேர்ந்தன. நாடி தளர்ந்தால் அந்தக் கட்டிலின் பெயர் திரையில் சிவக்கும். அவர் ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொள்ளலாம். அதற்காக அவரே எழுதிய புரோகிராம் அது.

ஒருநாள் நல்லம்மை மருந்து வாங்க டவுனுக்குப் போயிருந்தார். மதியம் மழை பிடித்தது. கரண்ட் போய், சற்று நேரத்தில் வந்தது. கம்ப்யூட்டர் தானாகவே திரும்ப ஓட ஆரம்பித்தது. கொஞ்ச நேரத்துக்கெல்லாம் திரையில் 'முன்னறை' சிவந்தது.

செங்கோடன் முன்னறைக்கு ஓடினார். மாரப்பன் ஜன்னல் வழியே மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, இப்படி ஓடியாறீங்க?"

"ஒண்ணுமில்லீங்க. கிளிப்பு நழுவியிருக்கும்."

கிளிப்பைக் கழற்றித் துடைத்து மாட்டினார். திரை சிவப்பாகவே இருந்தது. வேறு விரலில் மாட்டினார். வயரை அசைத்துப் பார்த்தார். கதவுக்கு அப்பால் தெரிந்த திரையில் முன்னறையின் நாடிக் கோடு மெலிந்துகொண்டே போய், படுத்துவிட்டது.

மாரப்பனும் எட்டிப் பார்த்தார். "என்னங்க, நான் போயிட்டனா?" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பில்தான் செங்கோடனுக்கு உறைத்தது. பின்னறைக்கு ஓடினார்.

அர்த்தநாரி போய்விட்டிருந்தார். வலது கை கட்டிலுக்கு வெளியே நீண்டு கிடந்தது.

நல்லம்மை நனைந்துகொண்டு வந்து சேர்ந்தபோது, செங்கோடன் அந்தக் கையைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்திருந்தார்.

"மெஷின் பொய் சொல்லிடுச்சும்மா."

நல்லம்மை குனிந்து அர்த்தநாரியின் கண்களை மூடினார். "மொதல்ல குளிப்பாட்டுவோம். வாங்க" என்றார்.

வெளியூரில் இருந்த மகளுக்குத் தகவல் சொல்லிவிட்டு அன்று இரவே தகனம் செய்தார்கள். மறுநாள் காலை செங்கோடன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். இரண்டு வயரையும் பிடுங்கி, ஒவ்வொன்றாகச் செருகினார். பிறகு வரிசையை மாற்றிச் செருகினார். மதியத்துக்குள் விஷயம் பிடிபட்டது. நல்லம்மையைக் கூப்பிட்டார்.

"ரெண்டு கிளிப்புல எது மொதல்ல வந்து நிக்குதோ அதுக்குக் கம்ப்யூட்டர் பூஜ்யம்னு நம்பர் போடுதும்மா. அடுத்ததுக்கு ஒண்ணு. பூஜ்யம்னா முன்னறைன்னு நான் எழுதி வெச்சிருந்தேன். நேத்து கரண்ட் வந்தப்ப பின்னறை வயரு முந்திக்கிச்சு."

"அப்ப மெஷின் பொய் சொல்லல."

செங்கோடன் தலையைக் குனிந்துகொண்டார். "இல்லீங்கம்மா. வந்த வரிசையைச் சொல்லுச்சு. நான்தான் அதை ஆளுன்னு நெனச்சுட்டேன்."

"ரெண்டையும் பிரிச்சுச் சொல்ல வேற அடையாளம் இல்லையா?"

"சிலதுல உள்ளுக்குள்ளயே தனி நம்பர் இருக்கும். இது ரெண்டுலயும் அது இல்ல. ரெண்டும் அச்சு அசலா ஒண்ணு. எந்தத் துளையில செருகியிருக்குங்கறத வெச்சு வேணா பேர் வைக்கலாம். எது முந்தினாலும் துளை மாறாது."

"வெச்சுடுங்க."

வைத்தார். மேல் துளைக்கு முன்னறை, கீழ்த் துளைக்குப் பின்னறை. வயர்கள் இடம் மாறிவிடாதபடி டேப் சுற்றினார். கம்ப்யூட்டரை அணைத்து அணைத்துப் போட்டார். ஒவ்வொரு தடவையும் பெயர் சரியாகவே வந்தது. பின்னறைக் கிளிப்பை மாட்டிப் பார்க்க ஆள் இல்லாததால் தன் விரலிலேயே மாட்டிக்கொண்டார். அந்தக் காலிக் கட்டிலில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

அதற்கு மறுநாள் சாயங்காலம் அர்த்தநாரியின் மகள் பூவாத்தாள் சூரத்திலிருந்து வந்து சேர்ந்தாள். சாம்பலை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"அப்பா போறப்ப யாருங்க பக்கத்துல இருந்தீங்க?"

செங்கோடன் நல்லம்மையைப் பார்த்தார். நல்லம்மை அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"யாரும் இல்லீங்க. நான் அடுத்த ரூம்புல இருந்தேன். அங்கதான் கூப்பிடுறாங்கன்னு தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன்."

பூவாத்தாள் ஏசவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அழுது ஓய்ந்ததும், "இருட்டுனா அவருக்கு பயம்ங்க. மழை இருட்டா இருந்துச்சுங்களா?" என்றாள்.

"லைட்டு எரிஞ்சுதுங்க. கரண்ட் வந்துடுச்சு."

"அது போதுங்க" என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்குக் கிளம்பினாள்.

அவள் போன பாதையையே பார்த்தபடி செங்கோடன் நின்றார்.

"பொய் சொல்லியிருந்தா அந்தப் பொண்ணு நிம்மதியாப் போயிருக்கும்ல அம்மா?"

"போயிருக்கும்."

"நீங்க ஏன் ஒண்ணும் சொல்லல?"

"என்கிட்ட கேக்கலீங்களே அண்ணா."

செங்கோடன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இனிமே மெஷின் தப்பாதும்மா. எத்தனை தடவை கரண்ட் போனாலும் சரியாச் சொல்லும். ஆனா நெஞ்சு ஆறமாட்டேங்குது. நான் என்ன செய்யட்டும்?"

"மாரப்பன் முழிச்சிருக்காரு. போய்ப் பக்கத்துல உக்காருங்க."

செங்கோடன் திரையைத் திரும்பிப் பார்த்தார். கோடு சீராக ஓடிக்கொண்டிருந்தது.

"அவரு நல்லாத்தானே இருக்காரும்மா. சிவக்கவே இல்லையே."

"அதான் போகச் சொல்றேன்" என்றார் நல்லம்மை.