ஊஞ்சல் குடித்த நெய்

எச்சில் கையால் காக்கா ஓட்டாத ஜமீன்தார் ஒருவர். அவரை ஊஞ்சலில் வைத்து ஆட்டுவது வேலைக்காரி வேலாத்தாளின் பாடு. ஊஞ்சலின் இரும்புக் கொக்கி வளையத்தோடு உரசி உரசிப் பாதியாய்த் தேய்ந்துவிட்டது. ஆட்டினால் கிறீச்சிடும், அவர் வேட்டியில் கரும்பொடி உதிரும்.

“எண்ணெய் விடட்டுங்களா, சாமி?”

“ஒரு சொட்டு எண்ணெய் விடக்கூடாது. நாளைக்குச் சத்தமும் வரக்கூடாது. வந்தால் உனக்கு இங்கே வேலை இல்லை.”

மறுநாள் ஊஞ்சல் சத்தமில்லாமல் ஆடியது, பொடியும் உதிரவில்லை. ஜமீன்தார் மீசையைத் தடவிக்கொண்டே சாப்பிட உட்கார்ந்தார். பருப்பு வந்தது, நெய் வரவில்லை.

“நெய் எங்கே?”

“கொக்கிக்கு விட்டுட்டேனுங்க, சாமி. எண்ணெய்தானுங்களே விடக்கூடாதுன்னீங்க?”

ஜமீன்தார் வெறும் பருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நாளையிலிருந்து எண்ணெயே விட்டுத் தொலை.”

“ஒரு சொட்டுங்களா, சாமி?”

“கொக்கி கேட்கிற அளவுக்கு விடு.”