எட்டு அடாப்டர்கள்

ஆவணக்காப்பகத்தின் நிலவறையில் எட்டு ஹார்டு டிஸ்க்குகளைப் பார்த்துக்கொள்வது பூங்காவனத்தின் வேலை. கூட யாரும் கிடையாது. திங்கட்கிழமை வந்தபோது ஒரு டிஸ்க் கருகிக் கிடந்தது.

"இவ வேற டிஸ்க்கோட கரண்ட் அடாப்டரை இதுல செருகிட்டா, மேடம். வேலையை விட்டு அனுப்புங்க. நான் அந்த அறையை எட்டிக்கூடப் பார்த்ததில்லை," என்று இயக்குநரிடம் சொன்னார் கண்காணிப்பாளர் தணிகாசலம்.

"நீ செருகலைன்னு சொல்ல சாட்சி இருக்காம்மா?" என்று இயக்குநர் கேட்டார்.

"தனியா இருக்கிறவளுக்குச் சாட்சி ஏதுங்க?" பூங்காவனம் எட்டு அடாப்டர்களையும் மேசையில் பரப்பினாள். "எதைச் செருகினேன்னு ஐயாவே காட்டட்டும்."

"இதோ, வயர்ல டேப் சுத்தினது!"

"கருகின டிஸ்க்குல இருந்து நான் கழட்டினது அதுதான். வேற அடாப்டர்னு மட்டும்தான் சொன்னேன், எதுன்னு யார்கிட்டயும் சொல்லலை. எட்டிக்கூடப் பார்க்காத ஐயாவுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

ஞாயிற்றுக்கிழமை வந்து செருகியது தான்தான் என்று தணிகாசலம் ஒப்புக்கொண்டார்.

வேலை தப்பியது. யாரிடமாவது சொல்லிச் சிரிக்க வேண்டும்போல இருந்தது அவளுக்கு. நிலவறைக்கு இறங்கிப் போய், மீதி ஏழு டிஸ்க்குகளுக்கும் சுவிட்சைப் போட்டுவிட்டு, அவற்றிடம் கதையைச் சொல்ல உட்கார்ந்தாள்.