சண்டைக்கார ஆடும் வெள்ளிப் பெட்டியும்

முன்னொரு காலத்தில், குரோஷியா தேசத்தின் மேற்கு மூலையில், கடலோரமாக இஸ்திரியா என்றொரு செம்மண் சீமை இருந்தது. அங்கே ஓர் அண்ணன், ஒரு தங்கை. அண்ணன் பெயர் மிகுலா. தங்கை ஃபூமா. பொழுது விடிந்தால் சண்டை.

தொழில் குழல் ஊதுவது. சோப்பிலே என்பார்கள். நம் நாயனத்துக்குத் தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரியது அண்ணனுக்கு, சின்னது தங்கைக்கு. தனியாக ஊதும் வழக்கம் கிடையாது. சின்னது மேலே கீச்சிடும். பெரியது கீழே உறுமும். இரண்டும் உரசும், முட்டும், இடிக்கும். வெளியூர்க்காரன் காதைப் பொத்திக்கொள்வான். கடைசியில் மட்டும் இரண்டும் ஒரே சுரத்தில் வந்து உட்காரும். அந்த ஊர்க் கல்யாணப் பெண் அதைக் கேட்ட பிறகுதான் வாசற்படி தாண்டுவாள்.

அந்தத் தேசத்துக்கு ஒரு மந்திரவாதி வந்தான். கையில் வெள்ளிப் பெட்டி. கோணல் எதுவும் அவனுக்கு ஆகாது. வளைந்து நெளிந்த பாட்டைப் பெட்டிக்குள் இழுத்து நேராக்கிவிடுவான். முதலில் சமவெளிக்குப் போனான். தம்புரிட்சா என்னும் தந்தி வாத்தியம் மீட்டுகிறவர்கள் வாசித்தார்கள். பெட்டி விழுங்கியது. பெட்டி நிமிர்த்தியது. பாட்டு போயே போச்சு. வாசித்தவர்கள் வாத்துகள் ஆனார்கள்.

அடுத்து தீவுகளுக்குப் போனான். மீனவர்கள் தோளோடு தோள் நின்று, வாத்தியமே இல்லாமல் தேனாகப் பாடினார்கள். பெட்டி விழுங்கியது. பெட்டி நிமிர்த்தியது. பாட்டு போயே போச்சு. பாடியவர்கள் கடற்பறவைகள் ஆனார்கள்.

மூன்றாவதாக இஸ்திரியா வந்தான். ஒரு கல்யாண வீட்டு முற்றத்தில் அண்ணனும் தங்கையும் ஊதிக்கொண்டிருந்தார்கள். மந்திரவாதி முகம் சுளித்தான். மிகுலாவை ஓரமாக அழைத்தான்.

"உன் வாசிப்பு தங்கம். உன் தங்கைதான் கெடுக்கிறாள். தனியாக ஊது, பார்க்கலாம்."

"இதைத்தான் நான் பத்து வருஷமாச் சொல்றேன்!" என்றான் மிகுலா. மடையன். தனியாக ஊதினான்.

பெட்டி விழுங்கியது. பெட்டி நிமிர்த்தியது. பாட்டு போயே போச்சு. மிகுலா தாடி வைத்த வெள்ளாடு ஆனான்.

ஃபூமா ஓடி வந்தாள். "என் அண்ணனைக் கொடு!"

"கொடுக்கிறேன். உன் பாட்டைப் பெட்டி நிமிர்த்த முடியாவிட்டால் உன் அண்ணன் உனக்கு. நிமிர்த்திவிட்டால் நீயும் ஆடு. பொழுது சாய்வதற்குள் ஊது. சாய்ந்துவிட்டால் அவன் ஆயுசுக்கும் ஆடுதான்."

சூரியன் கடலைத் தொட இன்னும் ஒரு முழம்தான் பாக்கி.

"சரி. ஆடு என் பக்கத்தில் நிற்கட்டும்" என்றாள் ஃபூமா.

"தாராளமாக நிற்கட்டும்" என்று சிரித்தான் மந்திரவாதி.

ஆடு மணப்பெண்ணின் மாலையை மென்றுகொண்டிருந்தது. ஃபூமா அதன் காதைப் பிடித்துத் திருகினாள்.

"அண்ணே, என்கூட வாசி."

"அடியே, குளம்பை வச்சிக்கிட்டுக் குழலை எப்படிடி பிடிக்கிறது?"

"குழல் கைவசம் இல்லாட்டி அப்பா என்ன பண்ணுவாரு? தா-ந-நான்னு தொண்டையாலேயே ஊதுவாரில்ல? தொண்டை இருக்கில்ல உனக்கு?"

"இருக்கு. பாட்டுதான் மறந்துபோச்சு." ஆட்டின் கண் கலங்கியது.

"பாட்டு மறந்தா மறக்கட்டும். என்கூடச் சண்டை போடறதுமா மறந்துபோச்சு?"

"அது எப்படிடி மறக்கும்?"

"அப்ப போடு!"

ஃபூமா சின்னக் குழலை எடுத்தாள். கீச்சென்று மேலே ஏறினாள். ஆடு கீழே நின்று உறுமியது. அவள் இறங்கினாள், ஆடு குறுக்கே விழுந்தது. அவள் வளைந்தாள், ஆடு முட்டியது. தா-ந-நா, மே-மே-மே!

பெட்டி விழுங்கியது. பெட்டி நிமிர்த்தப் பார்த்தது. தங்கையை அண்ணன் பக்கம் இழுத்தது. அண்ணன் கோணல். அண்ணனைத் தங்கை பக்கம் இழுத்தது. தங்கை கோணல். இப்படி இழுத்தது, அப்படி இழுத்தது. மூடி படபடவென்று அடித்துக்கொண்டது.

"நிறுத்து! யாராவது ஒருவர் விட்டுக்கொடுங்கள்!" என்று அலறினான் மந்திரவாதி.

"நானா? இவளுக்கா?" என்றது ஆடு.

அந்த நேரம் பார்த்து ஃபூமா கடைசிச் சுரத்துக்கு இறங்கினாள். ஆடும் உறுமிக்கொண்டே வந்து சேர்ந்தது. இரண்டும் ஒரே சுரத்தில் உட்கார்ந்தன.

பெட்டி வெடித்தது.

விழுங்கிய பாட்டெல்லாம் வெளியே பறந்தது. சமவெளி வாத்துகள் தந்தியைத் தேடி ஓடின, ஓடும்போதே மனிதர்களாயின. கடற்பறவைகள் படகில் இறங்கித் தோளில் கை போட்டுக்கொண்டன. சூரியன் கடலில் முங்குவதற்குள் மிகுலாவின் கொம்பு உதிர்ந்தது. தாடி மட்டும் தங்கிவிட்டது. மந்திரவாதி காதைப் பொத்திக்கொண்டு ஓடினான், அவ்வளவுதான்.

மணப்பெண் பாதி மாலையோடு வாசற்படி தாண்டினாள்.

இப்போதெல்லாம் அங்கே பையன்கள் மின்சாரக் கிதாரும் டிரம்ஸும் கொண்டுவருகிறார்கள். வரட்டுமே. குழல்கள் இரண்டும் முன்னால் நிற்கும். கிதார்க்காரன்தான் தன் தந்தியை முறுக்கி அவற்றோடு சேர்ந்துகொள்வான்.

அன்று வீட்டுக்குத் திரும்பும்போது மிகுலா சொன்னான்: "கடைசிச் சுரத்துல நீ கொஞ்சம் அவசரப்பட்டுட்ட."

"நீதான் அண்ணே, லேட்டு."

ஊர் எல்லை வரை சண்டை. ஊருக்கே நிம்மதி. கதை முடிந்தது, எழுந்து போங்கள்.